பவர் ஆன்டெனா மக்கர் பண்ணுகிறதா? கழற்றும் முன் காது கொடுங்கள்

கான்டெஸ்ஸா, அம்பாஸிடர், பத்மினி, மாருதி 800 என்று ஏதாவது ஒரு பழைய வண்டியை ஆசைப்பட்டு வாங்கியவர்களுக்காக இதை எழுதுகிறேன். ரேடியோவைப் போட்டதும் மட்கார்டுக்குள்ளிருந்து தானாக எழும்பி வரும் ஏரியல், இந்த வண்டிகளில் பெரும்பாலும் பிற்பாடு கடையில் வாங்கிப் பொருத்தியதாகத்தான் இருக்கும். கம்பெனியிலேயே பொருத்தி வந்த வெளிநாட்டு வண்டிகளிலும் உள்ளே இருக்கும் சமாச்சாரம் ஏறக்குறைய இதேதான்.

அது நின்றுபோனால் கடையில் கிடைக்கும் முதல் பதில், "முழு செட்டையும் மாத்திடுங்க சார்". அதற்கு அவசரப்பட வேண்டாம். பெரும்பாலும் ஃபியூஸ், எர்த், தூசி, நைலான் கயிறு இந்த நான்கில் ஒன்றுதான் கோளாறாக இருக்கும். எது என்பதை வண்டி போடும் சத்தத்தை வைத்தே பாதி சொல்லிவிடலாம்.

உள்ளே என்ன இருக்கிறது

ஒன்றுக்குள் ஒன்று சொருகிய நான்கைந்து உலோகக் குழாய்கள்தான் மேலே தெரியும் கம்பி. அதன் நடுவே ஒரு நைலான் கயிறு ஓடுகிறது. கயிற்றின் ஒரு பக்கம் பல் பல்லாக வெட்டியிருக்கும். மோட்டாரோடு சேர்ந்த பல்சக்கரம் அந்தப் பற்களைப் பிடித்துக் கயிற்றை மேலே தள்ளும், கீழே இழுக்கும். இறங்கும்போது கயிறு இஞ்ச் டேப் மாதிரி ஒரு வட்டப் பெட்டிக்குள் சுருண்டுகொள்ளும். மோட்டாரின் திசையை மாற்ற ஒரு ரிலே உண்டு. கம்பி உச்சிக்கோ அடிக்கோ வந்ததும் நிறுத்த ஒரு லிமிட் சுவிட்ச், அது தவறினாலும் கியர் உடையாமலிருக்க நழுவிக்கொடுக்கும் ஒரு கிளட்ச்.

கடையில் வாங்கிய யூனிட்டுகளில் வழக்கமாக மூன்று ஒயர் வெளியே வரும். சிவப்பு பேட்டரியிலிருந்து நேராக, எப்போதும் 12 வோல்ட் உள்ளது. கறுப்பு எர்த், அதாவது பாடியோடு சேர்வது. மூன்றாவது, ரேடியோ செட்டிலிருந்து வரும் சமிக்ஞை ஒயர். இப்போதைய செட்டுகளில் இது பெரும்பாலும் நீல நிறம். ரேடியோவைப் போட்டால் இதில் 12 வோல்ட் வரும், கம்பி ஏறும். அணைத்தால் போய்விடும், கம்பி இறங்கும். நிறத்தை மட்டும் நம்பி இறங்காதீர்கள். முப்பது வருட வண்டியில் எத்தனை பேர் கை வைத்திருப்பார்களோ, எந்த நிற ஒயரை எதனோடு முறுக்கி டேப் சுற்றியிருப்பார்களோ! மிகப் பழைய வண்டியாக இருந்தால் பேட்டரியின் எந்த முனை பாடிக்குப் போகிறது என்பதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பாசிட்டிவ் எர்த் வண்டியாக இருந்தால் இங்கே சொல்லும் இணைப்புகள் அப்படியே பொருந்தாது.

சத்தம் என்ன சொல்கிறது

இன்ஜினை அணைத்துவிட்டு, கண்ணாடியை இறக்கி, அமைதியான இடத்தில் ரேடியோவைப் போடுங்கள். இன்னொருவர் மட்கார்டு பக்கம் நின்று கேட்டால் நல்லது.

சத்தமே இல்லையென்றால் மின்சாரம் வரவில்லை, அல்லது மோட்டார் போய்விட்டது. முதலாவதற்குத்தான் வாய்ப்பு அதிகம். 'டிக்' என்று ஒரே ஒரு சத்தம் வந்து அடங்கினால் ரிலே வேலை செய்கிறது, மோட்டார் சுற்றவில்லை. எர்த் பலவீனம் அல்லது மோட்டார் இறுகிப்போயிருக்கிறது. மோட்டார் ஜோராக ஓடியும் கம்பி அசையவில்லையா? நைலான் அறுந்துவிட்டது, இல்லையென்றால் பல் தேய்ந்துவிட்டது. முக்கி முனகிப் பாதி தூரம் ஏறி நின்றால் அழுக்கு அல்லது கம்பியில் வளைவு. உச்சிக்குப் போன பிறகு ஓரிரு முறை 'கடகட' என்று கேட்டு நிற்பது கிளட்ச் நழுவும் சத்தம், அது பரவாயில்லை. நிற்காமல் கடகடத்துக்கொண்டே இருந்தால் லிமிட் சுவிட்ச் வேலை செய்யவில்லை, அல்லது உடைந்த நைலான் துண்டு உள்ளே சிக்கியிருக்கிறது. அப்படியே விட்டால் மோட்டார் சூடேறிக் கருகிவிடும், உடனே ஃபியூஸைப் பிடுங்கி வையுங்கள்.

இன்னொரு வகையும் உண்டு. ஏறும், சாவியைத் திருப்பி வண்டியை அணைத்தால் இறங்காது. இதைப் பார்த்தவுடன் மோட்டாரைச் சந்தேகப்படுவார்கள். பல வண்டிகளில் சிவப்பு ஒயரைப் பேட்டரிக்குப் பதிலாகச் சாவிக்குப் பின்னால் வரும் ஒயரோடு இணைத்திருப்பார்கள். சாவியை எடுத்ததும் மின்சாரமே இல்லை, கம்பி எப்படி இறங்கும்? ரேடியோவை முதலில் அணைத்தால் ஒழுங்காக இறங்கி, சாவியை எடுத்தால் மட்டும் நின்றபடியே இருக்கிறதென்றால் காரணம் இதுதான். சிவப்பைத் தனி ஃபியூஸோடு நேராகப் பேட்டரியிலிருந்து இழுத்துவிடுங்கள், சரியாகிவிடும்.

மின்சாரத்தைத் தேடுவது

ஃபியூஸில் தொடங்குங்கள். பேட்டரி பக்கமோ டேஷ்போர்டுக்கு அடியிலோ ஒயர் நடுவே தொங்கும் கண்ணாடி ஃபியூஸ் இருக்கும். கம்பி அறுந்திருக்கிறதா என்று கண்ணால் பார்த்து விட்டுவிடாதீர்கள். இரண்டு முனையிலும் உள்ள உலோக மூடி பச்சை பூத்திருந்தால் உள்ளே நன்றாக இருந்தும் மின்சாரம் போகாது. தேய்த்துச் சுத்தம் செய்யுங்கள், ஹோல்டரையும் சேர்த்து. யூனிட்டில் எத்தனை ஆம்பியர் என்று எழுதியிருக்கிறதோ அதே ஃபியூஸ்தான் போட வேண்டும். சிகரெட் பெட்டி வெள்ளித்தாளைச் சுற்றி வைக்கும் வித்தையை யாராவது சொல்லிக்கொடுத்தால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். ஒயரில் தீப்பிடித்தால் வண்டியே போய்விடும்.

அடுத்து யூனிட்டின் பிளக்கைக் கழற்றி, வண்டி பக்கத்து ஒயர்களைச் சோதியுங்கள். சிவப்புக்கும் பாடிக்கும் இடையே டெஸ்ட் லேம்ப் எப்போதும் எரிய வேண்டும். நீல ஒயரில் மட்டும் பல்பு வைத்த டெஸ்ட் லேம்பைப் பயன்படுத்த வேண்டாம், மல்டிமீட்டரை எடுங்கள். பல செட்டுகளில் அந்த ஒயர் 300 மில்லி ஆம்பியர் வரைதான் தாங்கும். 12 வோல்டில் எரியும் 5 வாட் பல்பு 400 மில்லி ஆம்பியருக்கு மேல் இழுக்கும். ஆன்டெனாவைச் சோதிக்கப் போய் செட்டைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது. இதே காரணத்தால் நீல ஒயரை நேராக மோட்டாரோடு இணைக்கவே கூடாது. மோட்டார் இழுப்பது சில ஆம்பியர்.

செட்டை மாற்றியிருந்தால் ஒரு விஷயம் கவனியுங்கள். பின்னால் நீலம் ஒன்றும், நீலத்தில் வெள்ளைக் கோடு போட்டது ஒன்றும் இருந்தால், கோடு போட்டது ஆம்ப்ளிஃபயருக்கு. அதில் ஆன்டெனாவைக் கொடுத்தால் பென் டிரைவில் பாட்டு கேட்கும்போதும் கம்பி ஏறி நிற்கும். ஒரே ஒரு நீல ஒயர்தான் இருக்கிறது, வேறு வழியில்லை என்றால் அந்த ஒயரின் நடுவே ஒரு சிறிய சுவிட்சை வைத்து டேஷ்போர்டில் மாட்டிவிடுங்கள். ரேடியோ வேண்டாதபோது கம்பியை உள்ளேயே வைத்துக்கொள்ளலாம். நம் கிருஷ்ணகிரி பக்கத்தில் அந்த சுவிட்ச் வேறு விதத்திலும் உதவும்: சந்தூர், காவேரிப்பட்டணம் பக்கம் மாந்தோப்புக்குள் வண்டியை விடும்போது தாழ்ந்த கிளையில் கம்பி மாட்டாது. மாம்பழ சீசனில் வளைந்த கம்பிகளில் பாதி இப்படி வளைந்தவைதான் என்பது என் கணிப்பு.

சிவப்பிலும் நீலத்திலும் சரியாக வருகிறதா? அப்படியானால் எர்த். பிளக்கை மறுபடி மாட்டிவிட்டு, மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவில் வையுங்கள், இன்னொன்றை ஆன்டெனா யூனிட்டின் உலோக உடம்பில். மோட்டார் ஓட முயலும்போது அரை வோல்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. டிங்கர் வேலை பார்த்துப் புதிதாகப் பெயின்ட் அடித்த வண்டிகளில் இது சகஜம். மட்கார்டின் உட்பக்கம் யூனிட் தொடும் இடத்தில் பெயின்ட் மேல் பெயின்டாக ஏறி, உலோகம் உலோகத்தைத் தொடாமல் போயிருக்கும். அந்த இடத்தை மட்டும் உப்புத்தாளால் தேய்த்து, பல் வைத்த வாஷர் போட்டு இறுக்குங்கள். மேலே கொஞ்சம் வாசலின் தடவினால் துரு பிடிக்காது. இந்த எர்த் மோட்டாருக்கு மட்டுமல்ல, ரேடியோ சிக்னலுக்கும் வேண்டும்; அதைப் பிறகு சொல்கிறேன்.

எல்லாம் சரி, மோட்டார் மட்டும் அசையவில்லை என்றால், யூனிட்டைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும்.

அழுக்குப் பிடித்த கம்பி

கிருஷ்ணகிரி, பர்கூர் பக்கம் கிரானைட் ஏற்றிய லாரிகளுக்குப் பின்னால் ஓடும் வண்டிக்கு இதுதான் முதல் வியாதி. கல் தூசி மெல்லியது, குழாய்களின் இடுக்கில் புகுந்து உட்கார்ந்துகொள்ளும். அதன் மேல் யாராவது "கிரீஸ் போட்டா சரியாயிடும்" என்று தடவியிருந்தால் தூசியும் கிரீஸும் சேர்ந்து பசையாகி, உள்ளே இருக்கும் பல்லைத் தின்றுவிடும். கம்பிக்குக் கிரீஸ் கூடவே கூடாது.

கம்பியை முழுதாக ஏற்றி, மண்ணெண்ணெயில் நனைத்துப் பிழிந்த துணியால் மேலிருந்து கீழாகத் துடையுங்கள். துணி கறுப்பாகிக்கொண்டே வரும். இறக்கி, ஏற்றி, மறுபடி துடையுங்கள். துணி சுத்தமாக வரும்வரை இதே வேலை. கடைசியில் தையல் மெஷின் ஆயில் இரண்டு சொட்டுத் துணியில் விட்டு லேசாகத் தடவி, மிச்சத்தை உலர்ந்த துணியால் எடுத்துவிடுங்கள். விரலை வைத்தால் பிசுபிசுக்கக் கூடாது. மாதம் ஒருமுறை இதைச் செய்தாலே கீழே எழுதியிருக்கும் பெரிய வேலைகள் பல வருடம் தள்ளிப்போகும்.

வளைவு இருக்கிறதா என்று ஒவ்வொரு கணுவாகப் பாருங்கள். லேசான வளைவைக் கையால் நிமிர்த்தலாம். மடிந்து குழாய் நசுங்கியிருந்தால் நிமிர்த்திப் பலனில்லை, கம்பியை மாற்றத்தான் வேண்டும். எந்த நிலையிலும் கம்பியைக் கையால் அழுத்திக் கீழே தள்ளாதீர்கள். பெட்ரோல் பங்க்கில் உதவி செய்கிறேன் என்று பையன்கள் அழுத்திவிடுவதில்தான் நிறைய நைலான்கள் அறுகின்றன.

கம்பியும் நைலானும் மாற்றுவது

முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். கம்பியை மெதுவாக மேலே இழுங்கள். எந்தத் தடையும் இல்லாமல் வந்து, விட்டதும் சரிந்து இறங்கினால் நைலான் அறுந்திருக்கிறது. மோட்டார் நன்றாக இருந்தால் கம்பியும் நைலானும் சேர்ந்த பாகத்தை மட்டும் வாங்கினால் போதும். வாங்கும்போது பழையதைக் கையில் எடுத்துப் போங்கள். நைலானின் தடிமன், பல்லின் இடைவெளி, மடக்கிய நிலையில் கம்பியின் நீளம், மேல் நட்டின் மரை நான்கும் ஒத்துப்போக வேண்டும். தர்மபுரியில் கிடைக்காவிட்டால் ஓசூர்க்காரர்கள் பெங்களூரு ஜே.சி. ரோட்டைப் பார்ப்பார்கள், சென்னைப் பக்கம் போகிறவர்கள் புதுப்பேட்டையில் தேடலாம்.

வேலைக்கு இரண்டு பேர் வேண்டும்.

1. கம்பியின் அடியில், மட்கார்டுக்கு மேலே இருக்கும் வட்ட நட்டைக் கழற்றுங்கள். சிலவற்றில் ஸ்பானர் பிடிக்காது, இரண்டு வெட்டு மட்டும் இருக்கும். முனை மெல்லிய பிளையரால் திருப்பலாம். பெயின்ட் கீறாமலிருக்க சுற்றிலும் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள்.

2. ஒருவர் ரேடியோவைப் போட, இன்னொருவர் கம்பியைப் பிடித்து மேலே இழுக்க வேண்டும். மோட்டாரே நைலானை வெளியே தள்ளிவிடும். வளைக்காமல் நேராக எடுங்கள்.

3. வெளியே வந்ததைப் புதியதோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பழைய நைலான் குட்டையாக இருந்தால் மிச்சத் துண்டு உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். அதை எடுக்காமல் புதியதைப் போட்டால் அதுவும் சிக்கும். அப்போது யூனிட்டைக் கழற்றியே ஆக வேண்டும்.

4. பழையதில் பல் எந்தப் பக்கம் பார்த்து வந்தது என்று குறித்துக்கொண்டு, புதியதை அதே பக்கம் பார்த்து உள்ளே விடுங்கள். அடியில் தட்டும். அங்கே லேசாகத் திருப்பினால் சக்கரத்தில் பல் பொருந்துவது கையில் தெரியும்.

5. இப்போது ரேடியோவை அணையுங்கள். மோட்டார் நைலானை உள்ளே இழுக்கத் தொடங்கும். இழுக்கும் வேகத்துக்குக் கொடுத்துக்கொண்டே போங்கள், தள்ள வேண்டாம். பிடிக்கவில்லை என்றால் பதறாதீர்கள், மறுபடி போட்டு அணையுங்கள்.

6. நைலான் முழுதும் போனதும் கம்பியைக் குழாய்க்குள் இறக்கி, நட்டை மாட்டி, மிதமாக இறுக்குங்கள். சில முறை ஏற்றி இறக்கிப் பாருங்கள். முதலில் முழுதாக இறங்காமல் நின்றாலும் இரண்டு மூன்று முறையில் லிமிட் தானாகச் சரியாகிவிடும்.

எல்லா வண்டிக்கும் பொதுவானது என்று விற்கும் கம்பிகளில் நைலான் நீளமாகவே வரும். பழையது முழுதாக இருந்தால் அதன் நீளத்துக்குச் சமமாக வெட்டிவிட்டுப் பொருத்துங்கள்.

யூனிட்டைக் கழற்ற வேண்டி வந்தால்

பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள். முன் மட்கார்டில் இருந்தால் சக்கரத்தை எடுத்து உட்பக்கத் தட்டைக் கழற்ற வேண்டும். பின்னால் இருந்தால் டிக்கியின் ஓரத் தட்டியை எடுத்தால் தெரியும். வண்டியை ஜாக்கில் மட்டும் நிறுத்திவிட்டு அடியில் கை விடாதீர்கள், ஸ்டாண்டோ தடித்த மரக்கட்டையோ வையுங்கள்.

வட்டப் பெட்டியின் மூடியைத் திறக்கும் முன் போனில் ஒரு படம், திறந்ததும் ஒரு படம். உள்ளே உடைந்த துண்டுகள் ஒன்றுவிடாமல் எடுங்கள், பொடிப் பொடியாக இருக்கும் பல் துணுக்குகள் உட்பட. காய்ந்து மெழுகாகிப்போன பழைய கிரீஸைத் துடைத்துவிட்டு, சக்கரங்களின் பல்லில் மட்டும் வெள்ளை லித்தியம் கிரீஸ் கொஞ்சம். சக்கரத்தின் பல் தேய்ந்து வழவழப்பாகியிருந்தால் இங்கேதான் முழு யூனிட் வாங்கும் பேச்சை எடுக்க வேண்டும்.

மோட்டாரைத் தனியாகச் சோதிக்க, அதன் இரண்டு ஒயரையும் ஃபியூஸ் வைத்த ஒயர் வழியாகப் பேட்டரியோடு இணைத்துப் பாருங்கள். ஒயரை மாற்றிப் பிடித்தால் எதிர்ப்பக்கம் சுற்ற வேண்டும். இரண்டு பக்கமும் சுற்றினால் மோட்டார் சரி, கோளாறு ரிலேயில். சுற்றவே இல்லை என்றால் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும் அல்லது தண்ணீர் புகுந்து துருப்பிடித்திருக்கும். தண்ணீர் புகப் பெரும்பாலும் காரணம் இதுதான்: யூனிட்டின் அடியில் ஒரு சிறிய ரப்பர் வடிகால் குழாய் உண்டு, அதில் மண் அடைத்துக்கொள்ளும். ஐப்பசி மழைக்கு முன் அதை ஊதிச் சுத்தம் செய்து, முனை கீழ்நோக்கி இருக்கும்படி விட்டால் போதும்.

கம்பி ஏறுகிறது, பாட்டு வரவில்லை

இங்கே முதலில் இடத்தைப் பார்க்க வேண்டும். தர்மபுரி ஊருக்குள் வானொலியின் 102.5 பண்பலை கம்பி கீழே இருந்தாலும் கேட்கும். அதனால் ஆன்டெனா பழுதானது ஊரில் பலருக்குத் தெரிவதே இல்லை. மாறாக, தொப்பூர் கணவாயிலும் பென்னாகரம் தாண்டி ஒகேனக்கல் இறக்கத்திலும் எவ்வளவு நல்ல ஆன்டெனாவாக இருந்தாலும் இரையும். பண்பலை அலைக்கு மலை குறுக்கே வந்தால் கஷ்டம்தான். ஓசூர் பக்கம் பெங்களூருவின் 101.3, 102.9 நிலையங்களை வைத்துச் சோதிக்கலாம். ஊரைத் தாண்டி, மலை மறைக்காத சமதளத்தில் கம்பியை ஏற்றியும் இறக்கியும் கேளுங்கள். வித்தியாசமே இல்லை என்றால்தான் கோளாறு.

கம்பியின் உயரத்துக்கும் கணக்கு உண்டு. 100 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 3 மீட்டர், அதில் கால் பங்கு 75 சென்டிமீட்டர். பண்பலைக்கு அந்த உயரம்தான் உகந்தது. ஒரு மீட்டர் கம்பி வாங்கினால் நிலையங்கள் கூடுதலாக வரும் என்று விற்பவர் சொல்வது மத்திய அலைக்கு வேண்டுமானால் பொருந்தும்.

செட்டின் பின்னாலிருந்து ஆன்டெனா பின்னை உருவி, மீட்டரை ஓம் நிலையில் வையுங்கள். பின்னின் நடுமுனைக்கும் ஏறி நிற்கும் கம்பிக்கும் இடையே ஏறக்குறைய பூஜ்யம் காட்ட வேண்டும். நடுமுனைக்கும் வெளி உறைக்கும் தொடர்பே இருக்கக் கூடாது. இருந்தால் கேபிள் எங்கோ நசுங்கி ஷார்ட் ஆகியிருக்கிறது. கதவுக் கீல் பக்கம் முதலில் பாருங்கள். வெளி உறைக்கும் வண்டியின் பாடிக்கும் இடையே மறுபடி பூஜ்யம். இல்லையென்றால் மேலே சொன்ன அதே மட்கார்டு எர்த்.

பெட்ரோல் வண்டியில் ஆக்ஸிலரேட்டரை அழுத்த அழுத்த இரைச்சலும் ஏறினால் ஆன்டெனா பின்னை உருவிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் அது ஆன்டெனா வழியாக வருகிறது: எர்த், அல்லது ஸ்பார்க் பிளக் ஒயர். பழைய அம்பாஸிடரில் வெறும் செம்புக் கம்பி வைத்த பிளக் ஒயர் இருந்தால் மின்தடை உள்ள பிளக் மூடிக்கு மாற்றுங்கள். பின்னை உருவியும் இரைச்சல் தொடர்ந்தால் ஆன்டெனா மேல் பழி இல்லை, செட்டுக்கு வரும் மின் ஒயரில் ஃபில்டர் போட வேண்டும்.

எல்லாம் பொருத்தி, தட்டிகளை மூடும் முன் ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு ஆன்டெனாவைச் சில முறை ஏற்றி இறக்குங்கள். லைட் எரியும்போது திணறினால் ஏதோ ஒரு இணைப்பு இன்னும் லூஸாக இருக்கிறது. தட்டியை மாட்டிவிட்டு மறுபடி கழற்றுவதைவிட இப்போதே தேடிவிடுவது மேல்.